பச்சை விளக்கு எரிகிறது, இணையம் இல்லை: ஒரு வீட்டுக் கணினியின் மாற்றுப்பாதை

அக்கா மதுரையில் வீட்டிலிருந்தபடியே பிளஸ் டூ மாணவர்களுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். மேசைக் கணினியில் விண்டோஸ் 11. சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியிலிருந்து கணினிக்கு லேன் கேபிள் வருகிறது. ரவுட்டரும் அந்தப் பெட்டிக்குள்ளேயேதான். கணினியில் ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டரும் செருகியிருக்கிறது. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் தனி சிம் போட்டு, அதன் ஹாட்ஸ்பாட்டை இந்த அடாப்டர் பிடிக்கும்படி வைத்திருந்தார்கள். கேபிள் வழி போனால் வைஃபை வழி தானாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. லேன் கேபிளைப் பிடுங்கிச் சோதித்தபோது எடுத்தும் கொண்டது. தெருவில் பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்த அன்று எடுக்கவில்லை. வகுப்பு பாதியில் நின்றுவிட்டது.

என்னைக் கூப்பிட்டபோது மருமகன் கேட்ட கேள்விதான் இந்த ஆய்வின் மையம். "மாமா, லேன் போர்ட்டுல பச்சை லைட்டு எரியுதுல்ல? பெறகு ஏன் நெட்டு வரல?"

அந்தப் பச்சை விளக்கு ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: இந்தக் கேபிளின் மறுமுனையில் மின்சாரம் உள்ள ஒரு கருவி இருக்கிறது. லேன் கேபிளின் இரு முனைகளும் தரவு எதுவும் போகாத நேரத்திலும் இடைவிடாமல் தமக்குள் சமிக்ஞை அனுப்பிக்கொள்கின்றன. அது வந்துகொண்டிருக்கும் வரை விளக்கு எரியும். அக்கா வீட்டில் அந்த மறுமுனை நான்கடி தூரத்தில் சுவரில் இருக்கும் பெட்டி. ஃபைபர் அறுந்தது அதற்கு அப்பால், தெருவில். பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தது. ஒளிச் சமிக்ஞை வரவில்லை என்று அதற்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் தெரிந்ததைக் கணினிக்கு அது சொல்வதில்லை. லேன் போர்ட்டை அணைத்துவிட்டாலே கணினி உடனே புரிந்துகொண்டு வைஃபைக்குப் போயிருக்கும். வீட்டுக்குக் கொடுக்கும் பெட்டிகள் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. அதற்கும் நியாயம் உண்டு: இணையம் போனாலும் வீட்டுக்குள் பிரிண்டரும் டிவியும் தங்களுக்குள் பேசிக்கொள்ள அந்த போர்ட் வேண்டும்.

ஆகவே "இணைப்பு உயிரோடு இருக்கிறதா?" என்ற கேள்வி மூன்று இடங்களில் மூன்று விதமாகக் கேட்கப்படுகிறது. கேபிளில் சமிக்ஞை வருகிறதா என்பது முதல் இடம். ரவுட்டர், அதாவது கேட்வே, கூப்பிட்டால் பதில் சொல்கிறதா என்பது அடுத்தது. உலகத்தில் எங்கோ இருக்கும் ஒரு சர்வர் பதில் சொல்கிறதா என்பது மூன்றாவது. ஃபைபர் அறுந்தபோது முதல் இரண்டுக்கும் "ஆமாம்" என்ற பதில் வந்துகொண்டே இருந்தது. கேபிளைப் பிடுங்கிச் செய்த சோதனை முதல் கேள்வியை மட்டுமே சோதித்தது. நிஜத்தில் எனக்குத் தெரிந்த வீடுகளில் லேன் கேபிள் தானாகக் கழன்று இணையம் போவது அரிது. போவதெல்லாம் பெட்டிக்கு அப்பால்தான்.

விண்டோஸ் என்ன செய்தது

விண்டோஸ் எந்த வழியில் போவது என்பதை ஓர் எண்ணை வைத்து முடிவு செய்கிறது. அதற்குப் பெயர் மெட்ரிக். எண் குறைந்த வழிக்கே முன்னுரிமை. நாமாக எதுவும் மாற்றாவிட்டால் இணைப்பின் வேகத்தைப் பார்த்து விண்டோஸே எண் போடும். விண்டோஸ் 10 முதல் ஒரு கிகாபிட் லேன் கேபிளுக்கு 25 விழும். 100 மெகாபிட் என்றால் 35. வீட்டு வைஃபைக்கு வழக்கமாக இதைவிடக் கூடுதல். அதனால் இரண்டும் இருந்தால் கேபிள்தான் ஓடும். இதுவரை சரி.

கேபிள் வழியே இணையம் இல்லை என்பது விண்டோஸுக்குத் தெரியாமலும் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சோதனைத் தளத்திலிருந்து சின்ன உரைக்கோப்பு ஒன்றை அது எடுத்துப் பார்க்கும். உள்ளே "மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்" என்ற ஒரு வரிதான் இருக்கும். அது வராவிட்டால் மூலையில் பூகோள உருண்டைப் படம் தோன்றி, இணையம் இல்லை என்று சொல்லும். அன்றும் சொன்னது. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு மெட்ரிக் எண்ணைத் தொடவில்லை. கேபிளின் எண் 25 ஆகவே நின்றது. ஜூம் அனுப்பிய ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது ஒவ்வொரு தரவுத் துண்டும், போக வழியில்லாத பெட்டிக்கே போய்ச் சேர்ந்தது. செய்தி திரைக்குப் போனது, பாதையைத் தீர்மானிக்கும் இடத்துக்குப் போகவில்லை.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். விண்டோஸில் ஒரே நேரத்தில் உள்ள இணைய இணைப்புகளைக் குறைத்துக்கொள்ளும் கொள்கை ஒன்று இருக்கிறது. நல்ல கேபிள் இணைப்பு இருக்கும்போது வைஃபையில் அது தானாகச் சேராது. மடிக்கணினி மின்சாரத்தைச் சேமிக்க அது நல்ல யோசனை, நமக்கு இடைஞ்சல். அக்கா வீட்டில் இது எப்படி முடிந்தது என்றால், கணினி வைஃபையைப் பிடிக்கவில்லை. யாரும் சேராத ஹாட்ஸ்பாட்டைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு ஆண்ட்ராய்டு தானே அணைத்துவிட்டது. ஃபைபர் அறுந்த நேரத்தில் மாற்றுப்பாதை என்று ஒன்று எழுந்து நிற்கவே இல்லை.

மாற்றுப்பாதை எப்போதும் விழித்திருக்க வேண்டும். அதனால் முதலில் அந்தக் கொள்கையை, இணைப்புகளைக் குறைக்காதே என்ற 0 மதிப்புக்கு மாற்றினோம். விண்டோஸின் ஹோம் பதிப்பில் இத்தகைய கொள்கைகளை மாற்றும் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது; விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரி வழியாகத்தான் செய்ய வேண்டும். போனில் ஹாட்ஸ்பாட் தானாக அணையும் வசதியை நிறுத்தினோம். எந்நேரமும் சார்ஜரில் கிடக்கும் போன் பேட்டரி வீங்கும் அபாயம் உள்ளது, ஆகவே 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்தோம். அந்த வசதி இல்லாத போனை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சிம் போடும் சின்ன 4ஜி ரவுட்டர் வாங்கிவிடலாம்.

உபுண்டு அதே கணினியில்

மருமகன் அதே கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவி வைத்திருந்தான். ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல வாய்ப்பு. அங்கே நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று மெட்ரிக் போடுகிறது. அதோடு ஒவ்வொரு இணைப்பின் வழியாகவும் தனித்தனியாக ஒரு சோதனைப் பக்கத்தைக் கேட்டுப் பார்க்கிறது. பதில் வராத இணைப்பின் மெட்ரிக்கில் 20000 கூட்டிவிடுகிறது. ஃபைபர் போனதும் கேபிளின் எண் 20100 ஆனது, வைஃபை 600 ஆகவே இருந்தது, போக்குவரத்து வைஃபைக்கு நகர்ந்தது. யாரும் எதையும் எழுத வேண்டியதில்லை. மூன்றாவது கேள்விக்குக் கிடைத்த பதிலை நேராகப் பாதைத் தேர்வில் கொண்டுபோய்ச் சேர்க்கும் இந்த அமைப்பை மனமாரப் பாராட்டுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக விண்டோஸ் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது கிடைத்திருக்க வேண்டும்.

ஒரு குறை உண்டு. அந்தச் சோதனையின் இடைவெளி இயல்பாக 300 வினாடி. அதாவது வழி செத்து ஐந்து நிமிடம் வரை தெரியாமல் இருக்கலாம். வகுப்பு நடக்கும்போது ஐந்து நிமிடம் நீண்ட நேரம். அமைப்புக் கோப்பில் 20 வினாடியாக்கினால் போதும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் இந்தச் சோதனையை இயக்கும் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நெட்வொர்க் கார்டில் கேட்ட கேள்வியின் பதில் வேறு வழியில் வந்ததுபோல் தோன்றினால் தூக்கிப்போடும் கறாரான வடிகட்டி சில லினக்ஸ் அமைப்புகளில் இயங்கும். அது இருந்தால் நல்ல இணைப்பும் கெட்டதாகத் தெரியும்.

போன்கள் இதை எப்போதோ கற்றுவிட்டன. வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு கூகுளின் ஒரு முகவரியைக் கேட்டு, 204 என்ற வெற்றுப் பதில் வருகிறதா என்று பார்க்கிறது. வராவிட்டால் மொபைல் டேட்டாவிலேயே நிற்கிறது. ஆப்பிள் 2015இல் ஐஓஎஸ் 9இல் வைஃபை அசிஸ்ட் கொண்டுவந்தது. சட்டைப்பையில் இருக்கும் கருவிக்குத் தெரிந்தது மேசைமேல் இருக்கும் கருவிக்குத் தெரியவில்லை என்பதுதான் அக்காவின் வருத்தமும்.

விண்டோஸுக்கு எழுதிய காவலாள்

அக்கா எழுதும் பேனா டேப்லெட்டும் பழக்கமும் விண்டோஸோடு ஒட்டியவை. ஆகவே உபுண்டு செய்வதை விண்டோஸில் செய்ய விண்டோஸின் பவர்ஷெல் மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எழுதி, கணினி தொடங்கும்போதே விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் அதை நிர்வாகி உரிமையோடு ஓட்டும்படி வைத்தோம். இரண்டு அடாப்டர்களிலும் தானியங்கி மெட்ரிக்கை எடுத்துவிட்டு, கேபிளுக்கு 10, வைஃபைக்கு 50 கொடுத்தோம். ஸ்கிரிப்ட் ஐந்து வினாடிக்கு ஒருமுறை கேபிள் வழியே பிங் அனுப்பும், அதாவது வெளியே ஒரு சர்வரைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும். அடுத்தடுத்து மூன்று சுற்று பதில் இல்லையென்றால் கேபிளின் எண்ணை 500 ஆக்கும். அவ்வளவுதான் அடிப்படை. ஆனால் இதில் கவனிக்காமல் விட்டால் மொத்தமும் குலைந்துபோகும் இடங்கள் சில உள்ளன.

முக்கியமானது, பிங் எந்த வழியே போகிறது என்பது. கேபிளின் எண் 500 ஆனதும் சாதாரண பிங் வைஃபை வழியே போகத் தொடங்கும். பதிலும் வரும். ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து "கேபிள் திரும்பிவிட்டது" என்று நினைத்து எண்ணைப் பழையபடி 10 ஆக்கும். உடனே இணையம் போகும், மறுபடி மாறும், மறுபடி திரும்பும். வகுப்பு முழுக்க இந்த ஊசலாட்டம்தான் நடக்கும். பிங் கட்டளையில் புறப்படும் முகவரியாகக் கேபிள் அடாப்டரின் முகவரியைக் குறிப்பிட வேண்டும். விஸ்டாவுக்குப் பின் வந்த விண்டோஸ்களில், ஒரு முகவரியிலிருந்து புறப்படும் பாக்கெட் அந்த முகவரிக்குச் சொந்தமான அடாப்டர் வழியேதான் வெளியேறும். அதனால் இது நம்பகமாக வேலை செய்கிறது. லினக்ஸில் இடைமுகத்தின் பெயரையே குறிப்பிடலாம்.

அடுத்தது, யாரைக் கேட்பது. ரவுட்டரைக் கேட்பதில் பயனில்லை, அது எப்போதும் பதில் சொல்லும். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பொதுச் சர்வர் முகவரியான 1.1.1.1 ஒன்றை மட்டும் கேட்பதும் போதாது. 2025 ஜூலை 14 அன்று கிளவுட்ஃபிளேரின் அந்த முகவரி உலகெங்கும் 62 நிமிடம் எட்டாமல் போனது. அன்று அதை மட்டும் நம்பிய கணினி, நன்றாக இருந்த ஃபைபரை விட்டுவிட்டு மொபைல் டேட்டாவைச் செலவழித்திருக்கும். ஆகவே 1.1.1.1, கூகுளின் 8.8.8.8 இரண்டையும் கேட்டு, இரண்டும் மௌனமானால் மட்டுமே அந்தச் சுற்றைத் தோல்வி என்று கணக்கிடுகிறோம்.

மூன்றாவது, திரும்பும் வேகம். போவதும் திரும்புவதும் சம அவசரம் இல்லை. போகும்போது வகுப்பு நின்றுகிடக்கிறது. திரும்பும்போது வகுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, நாமே அதை ஒருமுறை வெட்டப்போகிறோம். அறுந்த ஃபைபரை ஒட்டுகிறவர்கள் வேலை முடியும் வரை இணைப்பு வந்து வந்து போகும். அதனால் கேபிள் தொடர்ந்து ஐந்து நிமிடம் பிசகாமல் பதில் சொன்ன பிறகே திரும்பும்படி வைத்தோம். அக்காவின் வேண்டுகோளின்படி, ஜூம் ஓடிக்கொண்டிருந்தால் திரும்பவே கூடாது என்றும் சேர்த்தோம்.

இன்னொன்று சின்னது, ஆனால் கடிக்கும். மாற்றிய மெட்ரிக் கணினியை அணைத்து எழுப்பினாலும் நிலைத்திருக்கக்கூடும். இணையம் இல்லாத நேரத்தில் அணைத்தால் மறுநாள் காலை கேபிள் 500 என்ற எண்ணோடு எழும். ஸ்கிரிப்ட் தொடங்கியதும் முதல் வேலையாக 10 என்று போட்டுவிடுகிறது.

பெயரும் பழைய இணைப்புகளும்

பாதை மாறிய பிறகும் "தளம் திறக்கவில்லை" என்று வரும் புகாருக்குக் காரணம் பெரும்பாலும் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவைதான். கேபிள் அடாப்டர் பெயர்களைக் கேட்கும் இடம் ரவுட்டர். வெளியுலகத் தொடர்பு இல்லாத ரவுட்டரில் சில சும்மா இருக்கும். வேறு சில, எந்தப் பெயரைக் கேட்டாலும் தன் முகவரியையே பதிலாகக் கொடுத்து, இணைப்பு இல்லை என்ற தன் பக்கத்தைத் திறக்கவைக்கும். இரண்டாவது வகை மோசம், ஏனென்றால் அது வேகமான பொய். விண்டோஸ் 8 முதல் எல்லா அடாப்டர்கள் வழியாகவும் ஒரே நேரத்தில் பெயர் கேட்கும் வசதி இருக்கிறது. அது சும்மா இருக்கும் ரவுட்டருக்கு மருந்து. பொய் சொல்லும் ரவுட்டருக்கு இல்லை. பழைய பாணி லினக்ஸ் அமைப்பில் பட்டியலின் முதல் டிஎன்எஸ் பதில் சொல்லாவிட்டால் ஐந்து வினாடி காத்திருந்துதான் அடுத்ததைக் கேட்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஐந்து வினாடி என்றால் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். இரண்டு அடாப்டரிலும் பொது டிஎன்எஸ் முகவரிகளையே நேரடியாகக் கொடுத்து இதை முடித்தோம்.

இணைய முகவரிகளில் பழைய ஐபிவி4, புதிய ஐபிவி6 என்று இரண்டு வகை உண்டு; ஐபிவி6க்கும் இதே மெட்ரிக் வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும். விண்டோஸில் ஒரு அடாப்டருக்கு ஐபிவி4 எண் வேறு, ஐபிவி6 எண் வேறு. முதலாவதை மட்டும் மாற்றினால் பாதித் தளங்கள் திறக்கும், பாதி தயங்கும். காரணம் புரியாமல் மண்டை காயும்.

பாதை மாறும்போது ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் என்னவாகும் என்பதை அக்காவுக்கு விளக்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. இணையத்தில் பெரும்பாலான தளங்கள் பயன்படுத்தும் டிசிபி நெறிமுறையில் ஓர் இணைப்பு நான்கு விவரங்களால் ஆனது: இருபக்க முகவரிகள், இருபக்க போர்ட் எண்கள். கேபிளிலிருந்து வைஃபைக்குப் போனால் நம் முகவரி மாறுகிறது. அந்த நொடியே பழைய இணைப்புக்கு அர்த்தமில்லை. ஆனால் அது உடனே சாவதில்லை. லினக்ஸ் இயல்பு நிலையில் 15 முறை மறுபடி அனுப்பிப் பார்த்த பிறகே கைவிடும். அந்தக் கணக்கில் அது ஏறத்தாழ 924 வினாடி, பதினைந்து நிமிடத்துக்கும் மேல். வீடியோ அழைப்பு நிரல்கள் தாமாகவே புது வழியில் சேர்ந்துகொள்கின்றன. சில வினாடி உறைந்து, பிறகு படம் அசையும். வங்கிப் பக்கம் வெளியே தள்ளிவிடலாம். மாணவர்கள் விடை எழுதும் பொதுப் பலகை அப்படியே உறைந்து நிற்கும். பக்கத்தை ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்வதே வழி என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறோம்.

இதற்கும் தீர்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. 2021இல் ஆர்எஃப்சி 9000 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்த குவிக் நெறிமுறை, முகவரி மாறினாலும் இணைப்பைத் தனி அடையாள எண்ணால் தொடர இடம் தருகிறது. ஒரே இணைப்பை இரண்டு வழிகளில் ஓட்டும் மல்டிபாத் டிசிபியை ஆப்பிள் 2013லேயே தன் குரல் உதவியாளர் சிரிக்குப் பயன்படுத்தியது. ஆனால் மறுமுனை சர்வரும் இவற்றைப் பேச வேண்டும். அக்கா பயன்படுத்தும் எல்லாமும் பேசும் என்று எண்ணி ஏற்பாடு செய்ய முடியாது.

இணைப்பே அறுகாமல் மாற லினக்ஸில் பாண்டிங் என்ற பழைய வழி உண்டு. கேபிளையும் வைஃபையையும் சேர்த்து ஒரே அட்டையாகக் காட்டி, ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்கு நொடியில் மாற்றும். முகவரி மாறாததால் டிசிபி அறுகாது. ஆனால் இரண்டும் ஒரே ரவுட்டரில் போய்ச் சேர வேண்டும், அதுவும் வழக்கமாகப் பார்ப்பது கேபிளின் சமிக்ஞையைத்தான். மேசையிலிருந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போகிறவருக்கு அது அருமையான வசதி. தெருவில் அறுந்த ஃபைபருக்கு உதவாது. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் மாற்றுப்பாதை வேண்டும் என்றால் கணினியில் செய்வதை விட்டுவிட்டு, ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் போட்ட ரவுட்டரில் செய்வதே சரி. இங்கே காக்கவேண்டியது ஒரே ஒரு கணினி.

டேட்டாவும் மின்சாரமும்

சிம்மில் நாளொன்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி என்று வரம்பு உள்ள திட்டம்தான். வீடியோ ஒரு திசைக்கு நொடிக்கு 1.2 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 540 எம்பி. போக வர இரண்டும் சேர்த்து ஒரு ஜிபிக்குச் சற்று மேல். வகுப்பு தாங்கும். தாங்காதது, அதே நேரத்தில் பின்னணியில் இறங்கும் விண்டோஸ் அப்டேட். ஹாட்ஸ்பாட் இணைப்பை மீட்டர்டு, அதாவது அளவிட்ட இணைப்பு, என்று குறித்துவிட்டால் பெரும்பாலான அப்டேட்டுகள் காத்திருக்கும். இந்த விஷயத்திலும் உபுண்டு ஒரு படி முன்னே: ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் முகவரி கொடுக்கும்போதே தான் அளவிட்ட இணைப்பு என்று சொல்லி அனுப்புகிறது, நெட்வொர்க்மேனேஜர் அதைப் படித்துக்கொள்கிறது.

பிறகு சோதனை. இந்தமுறை லேன் கேபிளைத் தொடவில்லை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து வெளி இணைப்பை மட்டும் துண்டித்தோம். லேன் போர்ட்டின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்க, இணையம் மட்டும் இல்லாத நிலை. அதுதான் நிஜத்தில் நடப்பது. மூன்று சுற்று பிங் தோற்று, எண் மாறி, மருமகன் தன் போனிலிருந்து சேர்ந்திருந்த அழைப்பில் அம்மாவின் படம் கொஞ்சம் உறைந்து மறுபடி அசைந்தது. ஃபைபர் கம்பியையே கழற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் அதை மடக்கக் கூடாது, முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கவும் கூடாது. உள்ளே வருவது அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும்.

இரண்டு வழி இருக்கிறது என்று நாம் நினைப்பது சில நேரம் ஒரே வழியாக இருப்பதும் உண்டு. ஃபைபரும் சிம்மும் ஒரே நிறுவனத்துடையவை என்றால், ஊருக்கு வெளியே அறுந்த ஒரு தடிமனான கம்பி இரண்டையும் சேர்த்தே வீழ்த்தலாம். பல செல்போன் கோபுரங்களும் ஃபைபரை நம்பித்தான் நிற்கின்றன. அக்கா வீட்டு சிம் முதலில் ஃபைபர் கொடுத்த நிறுவனத்துடையதாகவே இருந்தது. வேறு நிறுவனத்துக்கு மாற்றினோம், வாங்கும் முன் கணினி மேசையருகே அதன் சிக்னல் எப்படி என்று பக்கத்து வீட்டுக்காரர் போனில் பார்த்துக்கொண்டு.

மின்வெட்டும் இதே வகை. கணினிக்கு இன்வெர்ட்டர் இருந்தது, சுவரிலுள்ள பெட்டிக்கு இல்லை. கரண்ட் போனால் பெட்டி அணைந்து லேன் விளக்கும் அணையும், கணினி எந்த ஸ்கிரிப்ட்டும் இல்லாமல் நொடியில் வைஃபைக்கு மாறும். ஆனால் வீணாக மாறுகிறது. தெருவில் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. இணைய நிறுவனத்தின் நிலையத்தில் பவர் இருந்தால் வீடு வரை ஒளி வரும். பெட்டிக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வைத்த பிறகு மின்வெட்டில் மாற்றுப்பாதைக்கு வேலையே வரவில்லை. கம்பத்தில் மாட்டிய சுவிட்சிலிருந்து லேன் கம்பியாகவே வீட்டுக்கு இணைப்பு வரும் தெருக்களில் இது உதவாது. அங்கே அடுத்த தெருவில் கரண்ட் போனாலும் இணையம் போகும், அப்போது வைஃபைதான் வகுப்பை நடத்த வேண்டும்.